ஏற்காட்டு அம்மா எந்த வருஷத்துப் புது நோயாளி?

சர்க்கரை நோய் எங்கும் ஏறிக்கொண்டேதான் போகிறது என்று கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு செய்தி. பல பணக்கார நாடுகளில் வருஷா வருஷம் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளின் வீதம் 2010-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 2009-இல் 1000 பெரியவர்களுக்கு 9.2 பேர் என்றிருந்தது 2017-இல் 6 ஆனது. வருஷத்துக்கு 17 லட்சம் புது நோயாளிகள் என்ற எண்ணிக்கை 13 லட்சத்துக்கு வந்தது. மொத்த நோயாளிகளின் எண்ணிக்கை மட்டும் அங்கே குறையவே இல்லை.

அப்படியானால் அங்கே நோய் அடங்குகிறதா? நமக்கும் அந்த நாள் வருமா? சேலத்தில் பொது மருத்துவம் பார்க்கும் என்னிடம் ஜூனியர் டாக்டர்கள் அடிக்கடி கேட்பது இது. எவ்வளவு பெரிய நாட்டுக் கணக்கானாலும் கடைசியில் ஏதோ ஒரு மேஜையில், ஒரு பதிவேட்டில், "புதியது" என்ற கட்டத்தில் யாரோ போடும் ஒரு டிக்கிலிருந்துதான் புறப்படுகிறது. அந்த டிக் எப்போது, எதனால் விழுகிறது என்று பார்க்காமல் வரைபடத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதைப் பார்ப்பதற்கு, சேர்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு அம்மாவின் கோப்பை இங்கே விரிக்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

துணிக்கடைப் பைக்குள் இருந்தது

வயது 48. நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை. கணவர் மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறுபவர். அப்பாவுக்கு சுகர் இருந்ததா என்று கேட்டால் தெரியாது என்கிறார். காலில் ஆறாத புண்ணோடு இறந்தார் என்பது மட்டும் தெரியும். என்னிடம் வந்தது பாதம் எரிகிறது என்று. கையில் ஒரு துணிக்கடைப் பை, அதற்குள் எட்டு வருஷத்துக் காகிதம்.

அடியில் கிடந்தது 2016-இல் எஸ்டேட்டில் நடந்த மருத்துவ முகாமின் ரோஸ் நிறச் சீட்டு. விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 172 என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதி, கீழே ஒரு கோடு. சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆனது என்ற விவரம் இல்லை. "சுகர் இருக்கு, சேலத்துல போய்ப் பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்று சாயந்தரத்துக்குள் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகள் முழுக்க இவர் சுகர்காரி ஆகிவிட்டார். சேலத்துக்குப் போகவில்லை.

அடுத்தது 2019. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாகி, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 134, ஹீமோகுளோபின் 7.9. டிஸ்சார்ஜ் சீட்டின் மூலையில் "டி.எம்." என்று இரண்டெழுத்து, அதாவது டயாபடிஸ் மெலிடஸ், சர்க்கரை நோய். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் 500, ஒரு மாதத்துக்கு. அது என்ன மாத்திரை என்று யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை.

"அந்த மாத்திரை என்னம்மா ஆச்சு?"

"ஆபரேஷன் மாத்திரையோட சேந்து அதுவும் தீந்துபோச்சுங்க சார்."

2020, 2021-க்கு எந்தக் காகிதமும் இல்லை. 2022-இல் வீட்டுக்கே வந்த சுகாதாரத் தன்னார்வலர் பார்த்தபோது 231. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் 151, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 248. பதிவேட்டில் "புதியது". கையில் ஒரு நோட்டு, மாதாமாதம் மாத்திரை. 2023-இல் மகளின் பிரசவத்துக்காக அம்மாபேட்டைக்கு வந்து தங்கினார். மாத்திரை தீர்ந்தது, நோட்டு மலையில். பக்கத்திலிருந்த நகர்ப்புற மையத்தில் புது எண் போட்டு, மறுபடி "புதியது". 2024-இல் மருமகன் ஒரு லேப் பேக்கேஜில் முழு உடல் பரிசோதனை செய்துவைத்தார். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 8.4. ரிப்போர்ட்டைப் பார்த்த இன்னொரு டாக்டர், "உங்களுக்கு சுகர் ஆரம்பிச்சிருக்கு" என்று புதிதாக ஒரு கோப்பு போட்டிருக்கிறார்.

"எத்தன தடவதாங்க சார் எனக்குப் புதுசா சுகர் வரும்?" என்று அந்த அம்மா கேட்டது சிரிப்பதற்காக இல்லை.

எந்த வருஷம்?

வரையறையை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது மேல், எச்பிஏ1சி 6.5 அல்லது மேல். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சர்க்கரை நோய். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் போன்ற அறிகுறிகள் இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து முடிவுகட்டக் கூடாது, இன்னொரு முறையும் உறுதியாக வேண்டும். எப்போதாவது எடுத்த சர்க்கரை 200-க்கு மேல் என்பது அறிகுறியும் சேர்ந்திருந்தால்தான் செல்லும்.

2016-இன் 172 எந்தக் கணக்கிலும் நோய் இல்லை. டீயும் பன்னும் சாப்பிட்டு வந்து வரிசையில் நின்றவருக்கு அது வரலாம். இருந்தாலும் முகாம் நடத்தியவர்களின் அறிக்கையில் "கண்டறியப்பட்டோர்" பட்டியலில் இவர் சேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 2019-இன் 134 எல்லையைத் தாண்டியதுதான், ஆனால் ஆபரேஷனுக்கு முந்தைய பதற்றத்தில் எடுத்த ஒற்றை முடிவு. திரும்பப் பார்க்கவில்லை. 2022-இல்தான் இரண்டு முடிவுகள் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. கறாராகப் பார்த்தால் இவர் 2022-இன் புது நோயாளி.

நோய் தொடங்கியதும் அப்போதுதானா என்றால், இல்லை. விழித்திரைப் படத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாக ரத்தக் கசிவு தெரிந்தது. விழித்திரை அந்த நிலைக்கு வரச் சில வருஷங்கள் பிடிக்கும். இப்படி விழித்திரை மாற்றங்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, டைப் 2 சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குக் குறைந்தது 4 முதல் 7 வருஷங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும் என்று 1992-இலேயே ஒரு ஆய்வு சொன்னது. இந்த அம்மாவின் நோய் அந்த ரோஸ் சீட்டுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டுக்கும் நடுவில் எங்கோ தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இன்னொரு சிக்கல் அந்த 7.9 ஹீமோகுளோபின். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். சிகிச்சையில் ரத்தம் ஏறினால் அது தானாக இறங்கும். 2019-இல் எச்பிஏ1சி மட்டும் பார்த்திருந்தால், சர்க்கரை எவ்வளவு, ரத்தசோகை எவ்வளவு என்று பிரிக்க முடியாத ஒரு எண் கிடைத்திருக்கும். ரத்தசோகை இவ்வளவு சாதாரணமாக இருக்கிற எஸ்டேட் பெண்களிடம் ஹீமோகுளோபின் பார்க்காமல் எச்பிஏ1சியை மட்டும் வைத்து நோய் சொல்லும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை.

ஆக ஒரு ஆள், ஒரு நோய். முகாம் கணக்கில் 2016, மருத்துவமனைக் கணக்கில் 2019, அரசுக் கணக்கில் 2022-இலும் 2023-இலும், தனியார் கிளினிக்கில் 2024. இதை ஆயிரக்கணக்கில் பெருக்கினால்தான் ஒரு மாவட்டத்தின் "புது நோயாளிகள்" வரைபடம் கிடைக்கும்.

மேட்டூர்க் கணக்கு

சேலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். காலையில் பேப்பரைத் திறந்தால் மேட்டூர் அணை நிலவரம் இருக்கும்: நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கனஅடி, திறப்பு இத்தனை கனஅடி. மொத்த நோயாளிகளின் விகிதம் என்பது நீர்மட்டம். வருஷத்துக்கு எத்தனை பேர் புதிதாகச் சேர்கிறார்கள் என்பது நீர்வரத்து. நோயாளிகள் இறப்பது வெளியேற்றம். வரத்து 50,000 கனஅடியிலிருந்து 30,000-க்கு இறங்கினாலும் திறப்பு 10,000 என்றால் மட்டம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை, இதய சிகிச்சை எல்லாம் வந்து நோயாளிகள் நீண்ட நாள் வாழ்கிறார்கள், வெளியேற்றம் குறைந்துவிட்டது. மட்டம் ஏறுவதைப் பார்த்து வரத்தும் ஏறுகிறது என்று சொல்வது தவறாவது இதனால்தான். 2022-இல் உலகில் 82.8 கோடிப் பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய் என்ற பெரிய எண் மட்டத்தைப் பற்றியது. தடுப்பு வேலை பலிக்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு வரத்துதான் வேண்டும்.

மேட்டூருக்கு வரும் தண்ணீரை அளக்க பிலிகுண்டுலுவில் ஒரு நிலையம் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு அப்படிப்பட்ட நிலையத்தைச் சில நாடுகள் கட்டி வைத்திருக்கின்றன. நாம் இன்னும் கட்டவில்லை.

உலகத்துக் கோடுகள்

மெல்போர்னின் பேக்கர் நிறுவனத்தைச் சேர்ந்த டையன்னா மக்லியானோவும் சகாக்களும் 2019-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1990 முதல் 2005 வரையான காலத்தில் ஆராயப்பட்ட மக்கள் குழுக்களில் 66 சதவீதத்தில் புது நோயாளி வீதம் ஏறியது. இறங்கியது 2 சதவீதத்தில் மட்டும். 2006 முதல் 2014 வரை எடுத்தால் ஏறியது 33 சதவீதத்தில், மாறாமல் நின்றது 30-இல், இறங்கியது 36-இல். 2021-இல் இதே அணி பல நாடுகளின் 2 கோடியே 20 லட்சம் புதிய கண்டறிதல்களை நேரடியாக அலசியது. 2010-க்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் இறக்கம் அல்லது சமநிலை. ஆராயப்பட்டவற்றில் பெரும்பாலானவை பணக்கார நாடுகள் என்பதை மறந்துவிடக் கூடாது. இந்த வகைக் கணக்கு வைக்கப் பணம் வேண்டும், ஒழுங்கான பதிவேடு வேண்டும்.

கோடு ஏன் ஏறி இறங்கியது? முதலில் வரையறை. 1997-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெறும் வயிற்று எல்லையை 140-இலிருந்து 126-க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் அதையே எடுத்துக்கொண்டது. நேற்றுவரை ஆரோக்கியமாக இருந்த ஒரு கூட்டம் மறுநாள் நோயாளிகள் ஆனது. கூடவே, பரவலாகப் பரிசோதனை செய்யும் பழக்கம் வந்தது. தேடத் தொடங்கியதும் இத்தனை வருஷம் மறைந்து கிடந்தவர்கள் கொத்தாக மாட்டினார்கள். கோடு செங்குத்தாக ஏறியது. அந்தக் கூட்டம் தீர்ந்ததும், இனி நிஜமாகவே புதிதாக நோய் வருபவர்கள் மட்டும் மாட்டுவார்கள், கோடு இறங்கும். நோய் ஒரு துளியும் குறையாமலேயே இந்த ஏற்ற இறக்கம் நடக்க முடியும்.

பிறகு எச்பிஏ1சி. 2010-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம், 2011-இல் உலக சுகாதார நிறுவனம், இதை நோய் கண்டறியும் பரிசோதனையாக ஏற்றன. வெறும் வயிற்றோடு வர வேண்டாம், குளுக்கோஸ் குடித்துக் காத்திருக்க வேண்டாம், வசதிதான். ஆனால் குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்த்தால் சிக்கும் சிலர் எச்பிஏ1சியில் சிக்குவதில்லை. டென்மார்க்கில் புது நோயாளி வீதம் 2011 வரை ஏறி அப்புறம் இறங்கியது. எச்பிஏ1சி அங்கே நோய் கண்டறிய வந்தது 2012. இரண்டும் இவ்வளவு அருகருகே இருக்கும்போது இறக்கத்தை முழுக்க உடற்பயிற்சிக்கும் காய்கறிக்கும் எழுதிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

தேடுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை கொரோனா காட்டியது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் டைப் 2 சர்க்கரை நோய் கண்டறிதல் எதிர்பார்த்ததைவிட 70 சதவீதம் குறைந்தது. அந்த மாதம் இங்கிலாந்து மக்களின் கணையம் திடீரென்று சரியாகிவிட்டது என்று யாரும் எழுதவில்லை. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், ரத்தம் எடுக்கவில்லை, அவ்வளவுதான். நம் அம்மாவின் பையில் 2020, 2021-க்குக் காகிதம் இல்லாததும் இதே கதை.

இறக்கம் முழுக்கப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். இத்தனை நாடுகளில், வெவ்வேறு முறையில் வைத்த பதிவேடுகளில், ஏறக்குறைய ஒரே காலத்தில் கோடு திரும்புகிறது. எல்லாவற்றுக்கும் பதிவேட்டுக் கோளாறே காரணம் என்பதும் ஒரு வசதியான நம்பிக்கைதான். அமெரிக்காவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து குளிர்பானம் வழியாக உடம்புக்குள் போகும் சர்க்கரை குறைந்து வந்திருக்கிறது. ஆனால் உடல் பருமன் அங்கே குறையவில்லை, ஏறியிருக்கிறது. பருமன் ஏற, நோய் இறங்க என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இன்னும் உறுத்துவது வயது. மொத்த வீதம் இறங்கிய அதே அமெரிக்காவில் 10 முதல் 19 வயதுக்காரர்களிடம் டைப் 2 லட்சத்துக்கு 9.0 என்பதிலிருந்து 17.9 ஆனது, 2002-க்கும் 2018-க்கும் இடையில். ஹாங்காங்கில் 60 வயதைத் தாண்டியவர்களிடம் புது நோய் இறங்க, 20 முதல் 39 வரை ஏறியது. சராசரி என்ற ஒற்றைக் கோட்டைப் போட்டுவிட்டால் இது கண்ணில் படாது. முப்பதில் நோய் வருபவர் இன்னும் நாற்பது வருஷம் அதைச் சுமப்பார். சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் அது வேறு கணக்கு.

நம் பக்கம்

1970-களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த கணக்கில் நகரத்தில் 2.1 சதவீதம், கிராமத்தில் 1.5. சென்னையில் 1989-இல் 8.3, 2004 வாக்கில் 14.3. 2023-இல் வெளியான, அதே கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நோய், 13.6 கோடிப் பேர் பார்டரில் (நார்மலுக்கு மேல், நோய் எல்லைக்குக் கீழ்), தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். எல்லாமே நீர்மட்டம்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே, ஒரே முறையில் 2006-இலும் 2016-இலும் அளந்த ஒரு ஆய்வு இருக்கிறது. பெருநகரத்தில் 18.6-இலிருந்து 21.9 சதவீதம், சிறு நகரத்தில் 16.4-இலிருந்து 20.3, நகரத்தை ஒட்டிய கிராமங்களில் 9.2-இலிருந்து 13.4. நகரம் ஆறில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது, கிராமம் கிட்டத்தட்டப் பாதி கூடியிருக்கிறது. மலையிலிருந்து வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஞாபகம் வருவது இந்தக் கடைசி வரிதான். சாமையும் கேழ்வரகும் தின்ற வீட்டில் ரேஷன் அரிசி மூன்று வேளை. ஒற்றையடிப் பாதையில் நடந்த கால் இப்போது பைக்கின் பின்சீட்டில். (சேலத்தில் எல்லாப் பழியையும் தட்டுவடை செட்டின் மேல் போடும் பழக்கம் உண்டு. பாவம் அது. தறிக்குடோனில் ராத்திரி ஷிப்டுக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.)

வரத்தை நேரடியாக அளந்தது சென்னையில் நடந்த க்யூர்ஸ் ஆய்வின் தொடர்ச்சி. ஒரே ஆட்களை ஒன்பது வருஷம் கழித்து மறுபடி பரிசோதித்து, 1000 பேரை ஒரு வருஷம் கவனித்தால் 22 பேருக்குப் புதிதாக நோய் வருகிறது என்று 2015-இல் சொன்னார்கள். அமெரிக்காவின் 6-ஐயும் சென்னையின் 22-ஐயும் பக்கத்தில் வைத்து "நாலு மடங்கு" என்று எழுத விரல் துடிக்கும். எழுதக் கூடாது. அமெரிக்க எண், டாக்டர் சொன்ன பிறகு "ஆமாம், எனக்கு இருக்கிறது" என்று சொன்னவர்களை எண்ணியது. சென்னை எண், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தது. ஒன்று மாட்டியவர்கள், இன்னொன்று வலை போட்டுப் பிடித்தவர்கள். வித்தியாசம் பெரிதுதான் என்று நானும் நினைக்கிறேன், ஆனால் எத்தனை மடங்கு என்று இந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்ல முடியாது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது. மலைக் கிராமங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வந்ததில்லை. நம் அம்மாவுக்கு முதல் தடவையாக ஒழுங்காக மாத்திரை கிடைத்தது இதனால்தான். ஆனால் பதிவேட்டுக் கணக்கில் இது என்ன செய்யும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு புதுப் பதிவேடு திறந்த முதல் சில வருஷங்களில் பழைய நோயாளிகள் எல்லோரும் "புதியவர்களாக" உள்ளே வருவார்கள். வெளிநாட்டு ஆய்வுகளில் இதற்காகவே, ஒருவரைப் புது நோயாளி என்று எண்ணுவதற்கு முன் அவர் பெயரில் சர்க்கரைக்கான எந்தப் பதிவும் இல்லாமல் ஓரிரு வருஷங்களாவது கழிந்திருக்க வேண்டும் என்று விதி வைப்பார்கள். அந்த விதி இல்லாமல் 2022, 2023 எண்களை எடுத்தால் "நோய் வெடித்துக் கிளம்பியது" என்று தலைப்பு போடலாம். சில வருஷம் கழித்துக் கூட்டம் தீர்ந்து எண் இறங்கும்போது "நோய் கட்டுக்குள்" என்று இன்னொரு தலைப்பும் போடலாம். இரண்டும் தப்பாகவே இருக்கும்.

மலைக்கென்று தனித் தொல்லைகள் சில உண்டு. காபிப் பழம் பறிக்கும் நாட்களில், நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை, யாரும் கிளினிக்கை எட்டிப் பார்ப்பதில்லை. பறித்த எடைக்குக் கூலி. ஒரு நாள் போனால் ஒரு நாள் காசு போச்சு. பறிப்பு முடிந்ததும் கூட்டமாக வருவார்கள். மாதவாரியாகக் கோடு போட்டால் மலையில் குளிர்காலத்தில் சர்க்கரை நோயே வராது என்று தோன்றும். அப்புறம் வகுக்கும் எண். 1000 பேருக்கு இத்தனை என்றால் அந்த 1000 யார்? கையிலிருக்கும் கடைசி மக்கள்தொகைக் கணக்கு 2011-இலிருந்து. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் இறங்கிவிட்டன, வடமாநிலத் தொழிலாளர்கள் எஸ்டேட்டுக்கு வந்துவிட்டார்கள். போதாததற்கு, ஏற்கெனவே நோய் இருப்பவர்களை அந்த 1000-இலிருந்து கழிக்க வேண்டும். அவர்களுக்கு நோய் இரண்டாவது தடவை புதிதாக வர முடியாது. கழிக்காமல் வகுத்தால், நோய் அதிகமுள்ள ஊரில் வீதம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

ஒரு கட்டம் போதும்

இதற்கெல்லாம் பெரிய மென்பொருள் வேண்டும் என்பார்கள். ஆளுக்கு ஒரே எண் இருந்தால் நல்லதுதான்; 14 இலக்க ஆபா எண் (ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு எண்) அதற்காகத்தான் வந்தது. துணிக்கடைப் பையில் அந்த அட்டையும் இருந்தது. எந்த மேஜையிலும் அதைக் கேட்டதாக அந்த அம்மாவுக்கு ஞாபகம் இல்லை.

அதுவரைக்கும் நான் கேட்பது பதிவேட்டில் ஒரே ஒரு கூடுதல் கட்டம்: "உங்களுக்கு சுகர் இருக்குன்னு முதல்ல யார், எப்பச் சொன்னாங்க?" பதில் துல்லியமாக இருக்காது. தீபாவளிக்கு முன்னாடி, சின்னவ வயசுக்கு வந்த வருஷம், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அப்புறம் என்றுதான் வரும். பரவாயில்லை. வருஷம் தெரிந்தால் போதும். "புதியது" என்ற கட்டத்தில் விழும் டிக்குகளில் எத்தனை பழையவை என்று அந்த ஒரு கேள்வியே சலித்துக் கொடுத்துவிடும். கூடவே எந்தப் பரிசோதனையில் மாட்டினார், அப்போது வயது என்ன என்று எழுதினால், சேலத்துக்கென்று ஒரு கோடு போட ஆரம்பிக்கலாம். எங்கள் கிளினிக்கில் கையால் கோடு கிழித்து அந்தக் கட்டத்தைச் சேர்த்திருக்கிறோம். செவிலியர்கள் முதலில் முனகினார்கள். ஒரு ஆளுக்குக் கூடுதலாக ஆவது அரை நிமிஷம். இப்போது அவர்களே நோயாளியின் பையை வாங்கி அடியிலிருந்து காகிதத்தைப் புரட்டுகிறார்கள்.

நம் அம்மாவுக்கு எங்கள் பதிவேட்டில் "பழையது, 2022-இல் உறுதி, 2019-இல் முதல் சந்தேகம்" என்று எழுதினோம். மாத்திரையின் அளவைக் கூட்டி, கண் பிரிவுக்கும் அனுப்பினோம். பாத எரிச்சல் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை.

கூட வந்திருந்தது மகள், 25 வயது. பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, கர்ப்பமாக இருந்தபோது குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்த்ததில் சர்க்கரை கூட இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நம் அரசு மையங்களில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் பார்ப்பார்கள். 140 வந்தாலே கர்ப்பகாலச் சர்க்கரை. குழந்தை பிறந்து ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதியும் இருந்தது. பார்க்கவில்லை. "அதான் கொழந்த பொறந்துருச்சே, அப்புறம் எதுக்குங்க சார்?" என்று கேட்டாள். கேள்வியில் தப்பில்லை, யாரும் காரணம் சொல்லவில்லை.

மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொல்லிப் பார்த்தோம். வெறும் வயிற்றில் 104, இரண்டு மணி நேரத்தில் 164. நோய் இல்லை, பார்டர். எச்பிஏ1சி 5.6, அதை மட்டும் எடுத்திருந்தால் நார்மல் என்று அனுப்பியிருப்போம். க்யூர்ஸ் ஆய்வில் பார்டரில் இருந்தவர்களில் 58.9 சதவீதம் பேர் அந்த ஒன்பது வருஷத்துக்குள் நோயாளிகள் ஆனார்கள். சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் இதே நிலையிலிருந்தவர்களை மூன்று வருஷம் தொடர்ந்தபோது, சும்மா விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடையும் சாப்பாடும் மாற்றியவர்களில் 39.3. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 40.5, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் 39.5 என்பதால் சேர்த்ததில் கூடுதல் லாபம் இல்லை. அதனால் மாத்திரை எழுதவில்லை. தினமும் நடை, இரவில் சோற்றைப் பாதியாக்குவது, வருஷத்துக்கு ஒரு முறை குளுக்கோஸ் குடித்துப் பரிசோதனை என்று சொல்லி, அடுத்த தேதியை அவள் நோட்டிலும் எங்கள் பதிவேட்டிலும் எழுதினோம். மருமகனின் போன் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறோம், பறிப்பு நாட்களில் அவள் அம்மாவோடு மலைக்குப் போய்விடுவாள் என்பதால்.